மும்பைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறீர்களா? திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள்

பதினைந்து இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்த ஊர் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது, கொலாபாவையும் போரிவலியையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் பாதிப் பொழுது டிராஃபிக்கிலேயே போய்விடும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான்.

முதல் நாள் தெற்கு. வி.டி. ஸ்டேஷனில் (இப்போதைய பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) இறங்கியதும் டாக்சி தேடி ஓடாமல், எதிர்ப்பக்கம் மாநகராட்சிக் கட்டடத்தின் அருகே நின்று ஸ்டேஷனைப் பாருங்கள்; உள்ளே இருந்து பார்த்தால் அதன் அழகு தெரியாது. அங்கிருந்து கேட்வே ஆஃப் இந்தியா போய், காலையிலேயே எலிஃபண்டா தீவுக்குப் போகிற படகைப் பிடித்துவிடுங்கள். போக ஒரு மணி நேரம் ஆகும். படகை விட்டு இறங்கினால் நூற்றுச் சொச்சம் படிகள் ஏற வேண்டும், வழியில் குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வைத்திருந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மேலே குகைக்குள் இருபது அடி உயரத்துக்கு மூன்று முகங்களோடு இருக்கிற சிவனைப் பார்த்ததும் கால்வலி பெரிதாகத் தெரியாது. திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. திரும்பி வந்து, வெயில் தாழ்ந்ததும் மரைன் டிரைவில் போய் உட்காருங்கள்.

இரண்டாம் நாள் வடக்கே கன்ஹேரி குகைகள். எலிஃபண்டாவுக்குப் போகிற கூட்டத்தில் பாதிகூட இங்கே வராது, என்னைக் கேட்டால் இதுதான் மேல். போரிவலி ஸ்டேஷனில் இறங்கி, கிழக்குப் பக்கம் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா வழியாகப் போக வேண்டும். குகைகள் வாசலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் குழந்தைகளையும் பெரியவர்களையும் நடக்க வைக்காதீர்கள், பஸ் கிடைக்கும். கருங்கல்லைக் குடைந்து செய்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள், மழைநீரைப் பிடித்து வைக்கப் பாறையிலேயே வெட்டிய தொட்டிகள் என்று நிதானமாகப் பார்க்க நிறைய இருக்கிறது. இதற்கும் திங்கட்கிழமை விடுமுறைதான்.

லோக்கல் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. காலை எட்டு முதல் பதினொன்று வரை தெற்கே போகிற வண்டியிலும், மாலை ஐந்துக்கு மேல் வடக்கே போகிற வண்டியிலும் ஏறாதீர்கள். முக்கியமாக, போரிவலியையும் தாண்டி விரார் வரை போகிற விரார் ஃபாஸ்ட் வண்டியில் ஏறிப் போரிவலியில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம், விரார்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பாந்த்ரா, சயான் தாண்டித் தெற்கே ஆட்டோ வராது, அங்கே டாக்சிதான்.

சாப்பாட்டுக்கு மாட்டுங்கா. கஃபே மெட்ராஸ், ராமாஷ்ரயா இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை காலை வரிசை தெருவில் நிற்கும், மற்ற நாளில் போங்கள். வாழையிலைச் சாப்பாடு வேண்டுமென்றால் ராமநாயக்.

மூன்றாம் நாள் கையில் இருந்தால் மாத்தேரான். கர்ஜத் லோக்கலில் நேரலில் இறங்கி மலையேற வேண்டும். மேலே கார், பைக் எதற்கும் அனுமதி கிடையாது. பொம்மை ரயிலை நம்பி மழைக்காலத்தில் போகாதீர்கள், அப்போது நேரலிலிருந்து ஓடாது. ஷேர் டாக்சியில், வண்டிகளுக்கு எல்லையான தஸ்தூரி வரை போய், அங்கிருந்து நடந்துவிடலாம்.