கேரவன் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஏற்காடு போகிறீர்களா? இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். காருக்குப் பின்னால் கேரவன் ட்ரெய்லர், அதாவது தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி, மாட்டிப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு: ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். எந்த ட்ரெய்லர், எவ்வளவு சாமான், எங்கே முகாம் என்று எல்லாவற்றையும் இறக்கத்தை நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அளவு. இந்த மலைக்கு ஒற்றை அச்சு ட்ரெய்லர் போதும். உடல் நீளம் 12 அடியைத் தாண்ட வேண்டாம். கொண்டை ஊசியில் ட்ரெய்லர் சக்கரம் காரின் தடத்திலேயே வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். கப்ளரில் (ட்ரெய்லரின் மூக்கில் காரோடு பூட்டும் பாகம்) இருந்து அச்சு வரை மூன்று மீட்டர் இருந்தால், இறுக்கமான வளைவில் இரண்டு அடி வரை உள்ளே போகும். உள்பக்கம்தான் மழைநீர் வடிகால் இருக்கும். 16 அடி வண்டியைச் சமவெளியில் அருமையாக ஓட்டலாம், மலைக்கு அது சரிப்படாது.

அடுத்தது எடை. கார் கையேட்டில் இழுவை எடைக்கு இரண்டு எண்கள் இருக்கும்: பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று. மலைக்குப் பிரேக் உள்ள ட்ரெய்லர் மட்டுமே. அதிலும் கையேடு சொல்லும் உச்சத்தில் முக்கால் பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். காலி எடை 600 கிலோ என்று விற்றவர் சொன்ன வண்டியில் பேட்டரி, சிலிண்டர், பாத்திரம், படுக்கை, பந்தல் துணி எல்லாம் ஏறினால் 800-ஐத் தொடும். ஊகிக்க வேண்டாம். சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிகளுக்காக எடை மேடைகள் நிறைய இருக்கின்றன. சாமான் ஏற்றிய பிறகு ஒரு முறை நிறுத்திச் சீட்டு வாங்கிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலியாகவே கொண்டு போங்கள். 50 லிட்டர் என்றால் 50 கிலோ, அதிலும் பாதி நிரம்பிய தொட்டி ஒவ்வொரு வளைவிலும் அலம்பி வண்டியை ஆட்டும்.

மொத்த எடை சரியாக இருந்தும் வண்டி ஆடுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் மூக்கு எடை. கப்ளர் காரின் மேல் அழுத்தும் எடைதான் அது. மொத்தத்தில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், காரின் கையேட்டில் தந்த உச்சத்தையும் மீறக் கூடாது. 800 கிலோ வண்டிக்கு 80 கிலோ. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினே போதும். சமதரையில் ட்ரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, மெஷின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்துங்கள். கப்ளர், அது உட்காரும் காரின் பின்பக்க இணைப்புப் பந்து இருக்கும் உயரத்துக்கே வரும்படி மரத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஜாக்கி வீலை (ட்ரெய்லரின் மூக்கைத் தாங்கும், ஏற்றி இறக்கும் சிறு சக்கரம்) மெதுவாக மேலே சுற்றினால் பாரம் மரத்தில் இறங்கும், முள் காட்டுவது மூக்கு எடை. 40 கிலோதான் காட்டுகிறது என்றால், பின்னால் வைத்த தண்ணீர்க் கேனையோ அரிசி மூட்டையையோ அச்சுக்கு மேலே அல்லது சற்று முன்னே நகர்த்துங்கள். குறைந்தால் இறக்கத்தில் வால் ஆடும். அதிகமானால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் இலேசாகி, வளைவில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது.

கிளம்பும் முன் பட்டறை வேலை

வருடத்தில் பத்து மாதம் நின்றே கிடக்கும் வண்டியில் கெடுவது ஓடும் பாகம்தான். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றி பேரிங்கில் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது அடையுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றும்போது கரகரப்புச் சத்தம் வந்தால் பேரிங்கை மாற்றிவிடுவதே நல்லது. ஸ்பிரிங் பட்டையில் விரிசல், அதை அச்சோடு பிடிக்கும் யூ-போல்ட்டில் தளர்வு, டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். டயரின் பட்டன் (தரையைத் தொடும் மேடு) தேயாமல் இருந்தாலும் வயதான டயர் சூட்டில் வெடிக்கும். ஐந்தாறு வருடம் கடந்திருந்தால் மாற்றுங்கள், தயாரித்த வாரமும் வருடமும் டயரிலேயே நான்கு இலக்கமாக அச்சிட்டிருக்கும். ஸ்டெப்னி ட்ரெய்லருக்கெனத் தனியாக வேண்டும். சக்கர நட்டுகளை 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை முடுக்குங்கள். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவெண் உண்டு, ஆவணங்களைக் கையோடு வைத்திருங்கள்.

மாட்டும் வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள். கப்ளரைப் பந்தின் மேல் இறக்கி, பூட்டு விழுந்ததும் ஜாக்கி வீலை மறுபடி கீழே சுற்றிக் காரின் பின்பக்கம் சற்றுத் தூக்குகிறதா என்று பாருங்கள். தூக்கினால்தான் கப்ளர் பிடித்திருக்கிறது. பூட்டு மேலோட்டமாக விழுந்தது கண்ணுக்குத் தெரியாது, இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். பிறகு சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக எக்ஸ் போல மாட்டுங்கள், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும். அதன்பின் அவசர பிரேக் கம்பி (ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிப்பது), விளக்கு ப்ளக். ஒருவர் பின்னால் நின்று பிரேக் விளக்கு, இரண்டு இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு எரிவதைப் பார்க்கட்டும். கடைசியாக ஜாக்கி வீலை முழுவதும் ஏற்றிப் பூட்டி, கட்டைகளை எடுத்து, ட்ரெய்லரின் கை பிரேக்கை விடுவியுங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஓடும்போது ட்ரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது, தூங்கும் பிள்ளையைக்கூடக் காரில்தான் படுக்க வைக்க வேண்டும்.

ஏற்றம்

அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரத்துக்குக் காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், அதுவும் வார நாளில். மே மாதக் கோடை விழா சமயத்தில் ட்ரெய்லரோடு போகவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. கூட்ட நாட்களில் ஏறும் வண்டிகளை ஒரு வழியிலும் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியிலும் திருப்பிவிடுவது உண்டு, எனவே அடிவாரத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். குப்பனூர்ப் பாதையில் கனமழைக்குப் பின் மண் சரிந்திருக்கிறது, மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

கொண்டை ஊசிக்கு முன்பே கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, எதிரே பஸ் வருகிறதா என்று மேலே பாருங்கள். பஸ் வந்தால் வளைவுக்குக் கீழேயே நின்று வழி விடுங்கள். குறுகிய ஏற்றத்தில் ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை என்பது விதி, இருந்தாலும் வளைவின் நடுவில் ட்ரெய்லரோடு மாட்டிக்கொண்டால் உரிமையை வைத்துப் பின்னால் எடுக்க முடியாது. முன்னால் போகும் வண்டி வளைவைக் கடக்கும்வரை ஒரு வண்டி நீள இடைவெளி விடுங்கள். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பாதி கிளட்சில் பிடித்து நிற்பதால்தான் கருகல் நாற்றம் வருகிறது. கை பிரேக்கைப் போடுங்கள், வண்டி இழுக்கும்போது விடுங்கள்.

வெப்ப முள் ஏறினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரைத் திறந்துவிடுங்கள். அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டால் விசிறி சூட்டைக் குறைக்கும். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஏற்காட்டின் 1,500 மீட்டரில் காற்றழுத்தம் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் அந்த இழப்பு காலுக்கே தெரியும்.

பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். வாந்தி வருகிற பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வைத்து, செல்போனை வாங்கிவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடம்

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் முகாம் போடுவது குற்றம். ஏரிக்கரையோ, பகோடா பாயின்ட்டோ, லேடீஸ் சீட்டோ பார்க்க வேண்டிய இடங்களே தவிர, ட்ரெய்லர் நிறுத்தும் இடங்கள் அல்ல. நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை பக்கக் காபித் தோட்டங்களிலும் விடுதிகளிலும் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். "வண்டி நிறுத்த இடம் இருக்கிறது" என்ற பதில் போதாது. கேட் எத்தனை அடி, கேட்டுக்கு முன்னால் திரும்ப இடம் உண்டா, தரை செம்மண்ணா ஜல்லியா, சரிவு எந்தப் பக்கம், 15 ஆம்பியர் ப்ளக் எவ்வளவு தூரத்தில், கோடையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்றெல்லாம் கேளுங்கள். போட்டோ வாங்குங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டூவீலரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

செம்மண் மழையில் நனைந்தால் சக்கரம் சுழன்று புதையும். இரண்டு பலகையும் நான்கு கோணிச்சாக்கும் எடுத்துப் போங்கள். வண்டியை முதல் நாளே வெளியே போகிற முகமாகத் திருப்பி நிறுத்துங்கள். நிழலுக்கென்று சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்துவது வழக்கமான தவறு, காற்றடித்தால் கிளை முறிந்து கூரையில் விழும்.

மட்டம் பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதும். முதலில் இடவலம்: தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றுங்கள். சக்கர இடைவெளி ஒன்றரை மீட்டர் என்றால் ஒரு அங்குலப் பலகை ஏறக்குறைய ஒரு டிகிரியைச் சரி செய்யும். பிறகு கட்டை, கை பிரேக். அதற்குப் பின்தான் காரைக் கழற்ற வேண்டும், கட்டை போடாமல் கழற்றிய ட்ரெய்லர் சரிவில் ஓடிவிடும். அடுத்து ஜாக்கி வீலில் முன்பின் மட்டம். ட்ரெய்லரின் மூலைகளில் உள்ள தாங்கு கால்களைக் கடைசியில், தரையைத் தொட்டு இறுகும் வரை மட்டும் இறக்குங்கள். அவை ஆட்டத்தை நிறுத்தவே, வண்டியைத் தூக்க அல்ல. அவற்றால் தூக்கினால் கால் வளையும், கதவு மூடாது.

தங்கும் நாட்கள்

12 வோல்ட் 100 ஏ.எச் (ஆம்பியர் மணி) லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம், அதாவது 600 வாட் மணி. 25 வாட் விசிறி எட்டு மணி நேரம், நான்கு எல்இடி விளக்கு ஐந்து மணி நேரம், நான்கு போன் சார்ஜ் சேர்ந்து 360 வரும். ஒரு இரவுக்குத் தாராளம், இரண்டாம் இரவுக்குள் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏசி தேவையே இல்லை. சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவு, அதனால் மே மாதத்திலும் இரவில் ஆளுக்கொரு போர்வை வேண்டும், பாட்டிக்கு ஸ்வெட்டரும் வேண்டும். தோட்ட வீட்டின் 5 ஆம்பியர் ப்ளக்கில் இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் ப்ளக் உருகும்.

திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவில்லை என்று அங்கே போய்ப் புலம்புகிறவர்கள் உண்டு. ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதற்கு மேல் சூடாகாது. குக்கர் எடுத்துப் போங்கள். உள்ளே அழுத்தம் ஏறுவதால் வித்தியாசம் ஓரிரு நிமிடம்தான். சமைக்கும்போது ஜன்னலும் காற்றுத் துளையும் திறந்தே இருக்கட்டும். குளிருக்கென்று கரி அடுப்பை உள்ளே வைப்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர், குளிக்க ஒரு வாளி என்று கணக்கு வையுங்கள். கழுவிய நீரை வாளியில் பிடியுங்கள், ஓடையிலோ காபிச் செடியடியிலோ சோப்புத் தண்ணீரை விடாதீர்கள். கழிவறைத் தொட்டியை உரிமையாளர் அனுமதியோடு அவருடைய செப்டிக் டேங்கில் மட்டும் கொட்டலாம்.

குரங்குகள் தட்டுவடைப் பொட்டலத்தையும் மாம்பழ வாசனையையும் தேடி ஜன்னல் வழியாகக் கை விடும். சாப்பாடு எல்லாம் மூடி பூட்டும் டப்பாவில் இருக்கட்டும், குரங்குக்கு ஒன்றுகூடப் போடாதீர்கள். இருட்டிய பின் காட்டெருமை தோட்டத்துக்குள் வருவது உண்டு. கதவைத் திறக்கும் முன் டார்ச்சால் சுற்றிலும் பாருங்கள். நின்றால் விளக்கை அணைத்து உள்ளேயே இருங்கள், விரட்டாதீர்கள்.

மாலையில் கோடை மழை இடியோடு வரும். பந்தலின் ஒரு காலை அரை அடி தாழ்த்தி வைத்தால் தண்ணீர் தேங்காமல் வழியும். காற்று எழுந்தால் சுருட்டிவிடுங்கள். இடி நெருங்கினால் மரத்தடியும் வேண்டாம், ஃபைபர் உடல் கொண்ட ட்ரெய்லரும் பாதுகாப்பல்ல. எல்லோரும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள்.

இறக்கம்

ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது, கொண்டை ஊசியில் முதல். நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்கை மிதித்தபடியே வராமல், நன்றாக ஒரு முறை அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள்.

பலருக்குப் புரியாத இடம் இங்கே இருக்கிறது. நம்மூர்ச் சிறிய ட்ரெய்லர்கள் பலவற்றில், ட்ரெய்லர் காரை முட்டும் அழுத்தத்திலேயே அதன் பிரேக் தானாகப் பிடிக்கும். எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது ட்ரெய்லர் விடாமல் காரை முட்டிக்கொண்டே வரும். அப்போது காரின் பிரேக் குளிர்ந்திருக்க, ட்ரெய்லரின் பிரேக் டிரம் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். காரில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே ஐந்து வளைவுக்கு ஒரு முறை அகலமான இடத்தில் நிறுத்துங்கள். ஹப்பைத் தொடாமல் புறங்கையை அருகில் கொண்டு போங்கள். அனல் அடித்தாலோ கருகல் வாசனை வந்தாலோ கால் மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிப்பு விடும். அந்தச் சூட்டில் ட்ரெய்லரின் கை பிரேக்கையும் இழுக்காமல், சக்கரத்துக்குக் கட்டை மட்டும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடு என்றால் அந்தப் பக்கப் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது அல்லது பேரிங் போகிறது. அடிவாரத்தில் மெக்கானிக்கிடம் காட்டாமல் நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.

நேர்ச்சாலையில் வால் ஆட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் ஒடித்தாலோ சடாரென்று பிரேக் போட்டாலோ ஆட்டம் கூடும்.

வீடு வந்ததும் பந்தல் துணியை அன்றே விரித்து உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும். தொட்டியின் அடி மூடியைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடியவிட்டு, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, வயரைக் கழற்றி வையுங்கள்.