ஃபோல்டுன்னு பாத்தாலே மடிப்புன்னு எழுதிடாதீங்க

பழைய வண்ணாரப்பேட்டைல எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி சந்துலதான் எங்க வீடு, அண்ணி சேலைக்கு பாக்ஸ் ஃபோல்டிங் பண்ணித் தராங்க, முகூர்த்த நாள் வந்தா ஹால் முழுக்க க்ளிப்பும் அயர்ன் பாக்ஸும்தான் கெடக்கும், அதுக்கு நடுவுல ஒரு ஓரமா உக்காந்து நான் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறேன். நாள் பூரா அதையே பாக்கறதாலயோ என்னவோ, பசங்க ஃபோல்டுன்னு எங்க வந்தாலும் மடிப்புன்னு எழுதிடறானுங்க.

ஆனா ப்ளைண்ட்ஃபோல்டுல தப்பு பண்ணது நான். துணிய மடிச்சு கண்ணுல கட்டறோம், அதான் அந்தப் பேருன்னு பல வருஷம் சொல்லிக் குடுத்துட்டேன். 14ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல அது ப்ளைண்ட்ஃபெல்டு. ஃபெல்னா அடிச்சு சாய்க்கறது, மரம் வெட்டறதுக்கு இன்னிக்கும் அதே ஃபெல்தான். கண்ணு தெரியாம அடிச்சுடறதுன்னு அர்த்தம், காதுக்கு ஃபோல்டு மாதிரியே கேட்டதால போகப்போக வாய்ல மாறிப் போச்சு.

ரிட்டர்ன் டு த ஃபோல்டுன்னு பேப்பர்ல வந்தா "மடிப்புக்குத் திரும்பினார்"னு எழுதுறான் ஒருத்தன். அது ஆட்டுப்பட்டிப்பா, பழைய இங்கிலீஷ்ல ஃபலோட், வேரே வேற. கட்சி மாறினவரு தாய்க்கழகத்துக்கு வந்துட்டாருன்னு நம்ம ஊர்ல சொல்றோமே, அதான்.

நெசமா மடிக்கிற ஃபோல்டு ஃபெயல்டன்ற பழைய சொல்லுல இருந்து வருது. டூஃபோல்டு, டென்ஃபோல்டுல கடைசியா ஒட்டியிருக்கறதும் இந்தக் குடும்பம்தான். எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இது, ஏன்னா நாமளும் மடங்கறதுல இருந்துதான மடங்குன்னு எண்றோம், இருமடங்கு, பத்து மடங்கு! ஆனா எத்தன தடவ மடிச்சோம்னு எண்ணிடக் கூடாது, எத்தன அடுக்குன்றதுதான் கணக்கு. அண்ணி அஞ்சரை மீட்டர் சேலைய நீளவாக்குல பாதி பாதியா நாலு தடவ மடிச்சா 16 அடுக்கு, ஒரு முழத்துக்கும் கம்மியா வந்து நிக்கும். அப்ப 100 ரூபா டூஃபோல்டு ஆச்சுன்னா 200தான், ரெண்டு தடவ மடிச்சா நாலு அடுக்குன்னு 400 போட்டா மார்க் போச்சு.

கேக் ரெசிப்பில "ஃபோல்ட் இன்"னு இருந்தா அதுவும் மடிக்கறது இல்ல. நுரைக்க அடிச்ச முட்டை வெள்ளைய மாவுல போட்டு சுத்திச் சுத்திக் கலக்கினா நுரை அமுங்கி கேக்கு செங்கல்லாயிடும், கரண்டிய அடி வரைக்கும் விட்டு அள்ளி மெதுவா மேல புரட்டிப் போடணும். கம்பெனி ஃபோல்டு ஆச்சுன்னா இழுத்து மூடிட்டாங்க, அவ்ளோதான்.

வியாசர்பாடில மெக்கானிக்கு கிட்ட வேலைக்குப் போற ஒரு பையன் வரான். "சார், மேனிஃபோல்டு?"ன்னான். கரெக்ட்டு, மெனி ஃபோல்டு, பல மடங்கு, அதான் இன்ஜின்ல ஒரே குழாய்ல பல கிளை. "அப்ப அத மாட்டற போல்ட்டு?"

அது பி-ல ஆரம்பிக்கும்டா, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.