கோபத்தில் வெடிக்கும் பிள்ளைக்கு டாக்டரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மகனின் ரெமிடியல் வகுப்பு (படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கான தனிப் பயிற்சி) முடியக் காத்திருந்தேன். புதிதாக வந்த ஒரு அம்மா ரிசப்ஷனில் கேட்டார்: "ஏ.டி.எச்.டி.க்கு மருந்து எழுதித் தர்ற டாக்டர் யாருங்க?" கவனம் நிற்காமல் ஓயாமல் துறுதுறுவென இருக்கும் பிரச்சினையைத்தான் ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். பையனை இன்னும் ஒரு டாக்டரும் பார்த்திருக்கவில்லை. 5 வருடத்துக்கு முன் நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

அடிக்காதீர்கள், தாயத்தை நம்பி உட்காராதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

நோயின் பெயரோடு போய் நிற்பது

இரண்டாம் வகுப்பில் என் மகன் தட்டை எறிவான், கதவை உதைப்பான். ஒருமுறை வேன்காரர் கையைக் கடித்துவிட்டான். ராத்திரியெல்லாம் போனில் படித்துவிட்டு, டாக்டரிடம் "ஏ.டி.எச்.டி.தான் சார்" என்றே ஆரம்பித்தேன். உட்கார மாட்டான், கவனமே இல்லை என்று, பொருந்துவதாகப் பார்த்துச் சொன்னேன். ஒரு மணி நேரம் அசையாமல் லெகோ கட்டுவான் என்பதைச் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் மெத்தில்ஃபெனிடேட் எழுதினார். தேவைப்படும் பிள்ளைக்கு அது நல்ல மருந்து. என் மகனுக்குப் பசியும் தூக்கமும் போனதுதான் மிச்சம். அப்புறம் வேறு டாக்டர், வேறு பெயர். இப்படியே 2 வருடம். இன்றும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மூன்றாவது டாக்டர் என் முடிவைக் காதிலேயே வாங்கவில்லை. "ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. மணி என்ன, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எப்படி அடங்கினான்னு எழுதுங்க" என்றார். 3 வாரத்தில் 22 முறை. அதில் 17, ஹோம்வொர்க் நோட்டைத் திறந்த சற்று நேரத்தில். மீதி 5, காலையில் வேன் வரும் நேரத்தில். ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுகூட இல்லை. சோதித்தபோது டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடு. எழுத்துக் கூட்ட வராத பிள்ளை தினமும் அவமானப்பட்டிருக்கிறான். நாங்கள் அதைத் திமிர் என்றோம்.

காய்ச்சல் என்றால் டெங்குவா டைபாய்டா என்று ரத்தம் பார்க்கிறோம் இல்லையா? கோபமும் அப்படித்தான். பதற்றம், ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. என எதிலும் வரும். ஏ.டி.எச்.டி. என்று சொல்லவே, அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அமெரிக்காவில் எரிச்சலோடே இருக்கும் பிள்ளைகள் பலருக்கு பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என்று முத்திரை குத்துகிறார்கள் என்ற கவலையில், 2013-இல் ஓயாத எரிச்சலும் கோப வெடிப்பும் உள்ள பிள்ளைகளுக்கு டி.எம்.டி.டி. என்று தனிப் பெயரே கொண்டுவந்தார்கள். டாக்டர்களுக்கே இவ்வளவு குழப்பம் என்றால், நான் போனைப் பார்த்து முடிவு செய்தது எந்தக் கணக்கு?

காதையும் தூக்கத்தையும் மறப்பது

காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கும் ஆடியோகிராம் எடுங்கள். குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா என்று பாருங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கித் தூக்கம் கெட்ட பிள்ளையும் பகலில் சிடுசிடுப்பான்.

கீழ்ப்பாக்கம் என்றதும் பின்வாங்குவது

1794 முதல் இருக்கும் அரசு மனநல மருத்துவமனை. சென்னையில் அந்தப் பெயரே வசவாகிவிட்டது. மனநல டாக்டர் என்றதுமே "என் பேரனைக் கீழ்ப்பாக்கம் கேஸ் ஆக்கப் போறியா?" என்று மாமியார் அழுதார். அதில் ஒரு வருடம் சத்து டானிக்கில் போனது.

பழைய சீட்டுகளைத் தொலைப்பது

ஒரு ஃபைல் போடுங்கள்.

மாத்திரையை நீங்களே நிறுத்துவது

வேண்டாம்.

பள்ளியிடம் மறைப்பது

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால்தான் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க முடியும்.

அந்த அம்மாவிடம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். "எழுத எங்கங்க நேரம்?" என்றார். "சரி, உங்க நம்பருக்கே வாட்ஸாப்ல வாய்ஸ் அனுப்பிக்குங்க" என்றேன்.