அம்பாசடரில் நீலப் புகை: வால்வு சீலா, பிஸ்டன் ரிங்கா?

பழைய பெட்ரோல் அம்பாசடர் நீலமாகப் புகை விட்டால், "ரிங் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்றுதான் முதலில் சொல்வார்கள் (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்). அதற்குத் தலையாட்டும் முன் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். வால்வுத் தண்டில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் வளையம், அதாவது வால்வு சீல், கெட்டுப்போனாலும் இதே புகைதான் வரும். இங்கே சொல்வது 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரீஸ் எஞ்சினுக்கு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் மூன்றில் இருந்ததும் இதே எஞ்சின்தான்.

முதலில் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களுக்குப் போகும் ஆயில், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் மேல் எப்போதும் சிதறிக்கொண்டிருக்கும். வண்டி இரவு முழுக்க நிற்கும்போது அது தண்டு வழியே மெல்ல இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலப் புகை வந்து அடங்கும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் இன்லெட் பக்கம் வெற்றிடம் கூடி, கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) இடுக்கு வழியாக ஆயிலை உறிஞ்சும். கீழே வந்து மறுபடி மிதித்தால் பின்னால் குப்பென்று புகை. இந்த இரண்டும் சீல் அல்லது கைடின் அடையாளம். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க விடாமல் புகைந்தால் ரிங்கைச் சந்தேகப்படுங்கள். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாக எரிவதால் வருவது; அது வேறு கதை.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். காயில் வயரைக் கழற்றிவிட்டு, நான்கு பிளக்கையும் எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜில் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. நான்கும் நன்றாக, ஒரே மாதிரி இருந்து, புகை மேலே சொன்ன நேரங்களில் மட்டும் வந்தால் எஞ்சினை இறக்கவே வேண்டாம்.

சரி, இனி கழற்றும் வேலை. இந்த எஞ்சினில் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணிக்கொள்ளலாம், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். எனவே எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். இவ்வளவு தூரம் வந்தபின் ஹெட்டையே எடுத்துவிட்டுப் புது கேஸ்கெட் போடுவதுதான் நல்லது என்பேன். கைடையும் பார்த்துவிடலாம், வால்வையும் கிரைண்ட் செய்துவிடலாம்.

ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதி, வால்வுகளை அந்த வரிசையில் செருகி வையுங்கள். ஒவ்வொன்றையும் கைடில் விட்டுச் சற்றுத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் லேத் பட்டறையில் கைடு மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த கைடில் புது சீல் போடுவது வீண் செலவு.

மாட்டும்போது முறை முக்கியம். தண்டில் ஆயில் தடவி வால்வைச் செருகி, ஸ்பிரிங்கையும் அதன் தொப்பியையும் வைத்து, வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸரால் அழுத்துங்கள். அழுத்திய நிலையில்தான் ஆயிலில் ஊறிய புது வளையத்தைத் தண்டில் இறக்க வேண்டும். தொப்பியைத் தண்டோடு பிடிக்கும் லாக் உட்காரும் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே, முறுக்காமல். அப்புறம் இரண்டு லாக்கையும் வைத்துக் கம்ப்ரஸரை மெதுவாக விடுங்கள். வளையத்தை முதலிலேயே போட்டுவிட்டால் தொப்பி அதைக் கீழே தள்ளிக்கொண்டு போய்விடும், சீல் இருந்தும் பயனில்லை.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பல சுற்றாக, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். டேப்பட் (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) வைக்க ஒன்பது கணக்கு போதும்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யுங்கள், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. இரண்டும் கூட்டினால் எப்போதும் ஒன்பது.

தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் புகை வரத்தான் செய்யும்; சைலன்சரில் தங்கிய பழைய ஆயில் எரிகிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெட் முறுக்கையும் டேப்பட் இடைவெளியையும் இன்னொரு முறை பாருங்கள். அதுவரை டிப் ஸ்டிக்கைத் தினமும் எடுத்துப் பார்த்து அளவைக் குறித்து வையுங்கள்.