பையன்களைக் கும்பலிடமிருந்து காக்கும் முகாம்கள்: எங்கே தவறுகிறோம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் பள்ளி விடுமுறை வந்தால், பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்கும் தன்முனைப்பு முகாம் ஒன்றாவது நடக்கும். கோயில் மண்டபம், டீசட்டை, மதியச் சாப்பாடு, கடைசியில் குழுப்படம். நடத்துகிறவர்களின் நல்ல மனசில் குறையில்லை. ஆனால் குண்டர் கும்பல் பக்கம் போகிற பையனைத் தடுக்க இது போதாது. சில முறைகள் கெடுதலே செய்யும்.

முதலில், பயமுறுத்துவது. "ஒரு நாள் ஜெயிலைக் காட்டுங்க, திருந்திடுவான்" என்று பெற்றோரே கேட்கிறார்கள். 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அப்படியே செய்தார்கள். ஆயுள் கைதிகள் பையன்களை எதிரே உட்காரவைத்து மிரட்டினார்கள். இப்படிப்பட்ட திட்டங்களைப் பின்னால் ஆராய்ந்து பார்த்தபோது, போய்வந்த பிள்ளைகள்தான் போகாதவர்களைவிட அதிகம் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். சட்டத்தைச் சொல்லத்தான் வேண்டும். குண்டர் கும்பல் மாதிரியான சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், நம் நாட்டின் 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைத் தகவலாகச் சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல்.

இதைவிடப் பெரிய தவறு, பள்ளியில் பட்டியல் வாங்கி 'பிரச்சினைப் பையன்களை' மட்டும் ஓர் இடத்தில் சேர்ப்பது. ஒருவன் அடிதடிக் கதை சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பரிசு. இப்படிச் சேர்ப்பதால் நடத்தை மோசமாகலாம் என்று டிஷன், மெக்கார்ட், பூலான் என்ற ஆய்வாளர்கள் 1999-லேயே எழுதினார்கள். பந்து விளையாடுகிறவன், உறுமி அடிக்கிறவன், படிக்கிறவன் என்று கலந்து சேருங்கள்.

அகிம்சையைப் பேச்சாக மட்டும் கொடுப்பதும் வீண். சிகாகோவில் 'பிகமிங் எ மேன்' என்ற திட்டத்தில் ஒரு பயிற்சி உண்டு. ஒருவன் கையில் பந்து. அதை அரை நிமிடத்தில் எடுக்கச் சொல்வார்கள். மற்றவன் விரலைப் பிரிப்பான், கையை முறுக்குவான், தரையில் உருள்வார்கள். முடிந்ததும் நடத்துநர் கேட்பார்: ஏன் யாரும் "கொடு" என்று கேட்கவில்லை? நம் பாடாங்கிலும் (திடலிலும்) இதைச் செய்யலாம், ஒரு டென்னிஸ் பந்து போதும்.

அப்புறம், தலைமைத்துவம் என்றதும் மாணவத் தலைவர்களையே அழைக்கிறோம். பத்துப் பையன்கள் யார் பின்னால் நடக்கிறார்களோ, அவனைக் கூப்பிடுங்கள். திருவிழாத் தண்ணீர்ப்பந்தலை, கணக்கு நோட்டோடு, அவனிடம் ஒப்படையுங்கள். முகாமில் பையன்கள் சொன்ன பெயர்களைப் போலீசிடம் கொண்டுபோனால் அடுத்த முறை ஒருவனும் வரமாட்டான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வோம் என்று முதல் நாளே தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாக, முகாம் முடிந்து வருகிற திங்கட்கிழமையை மறப்பது. தோட்டத்தை விற்றபின் லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு மலிவு வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் அப்பா, அம்மா இருவருக்குமே ஷிப்டு வேலை. சாயங்காலம் "சாப்பிட்டியாடா?" என்று கேட்பவன் கும்பல் அண்ணன்தான். அந்த நேரத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒரே பெரியவர் தொடர்ந்து வரவேண்டும். படிப்பை விட்டவனுக்குக் கியாட்மாரா மாதிரியான தொழிற்பயிற்சி இருக்கிறது. மனு எழுத, நேர்முகத்துக்குக் கூட்டிப்போக, முதல் மாதப் பஸ் காசு கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவு செய்தபிறகு மண்டபத்துக்கு முன்பணம் கட்டுங்கள்.