சிவப்பணுவைப் பார்த்து நுரையீரலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களின் ரத்தச் சிவப்பணுச் சவ்வை ஆராய்ந்தால், அதிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்த தடயம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. செய்தி சரிதான். அதை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு எடுக்கும் முடிவுகளில்தான் கோளாறு.

லிப்பிட் ப்ரொஃபைல் ரிப்போர்ட்டைக் காட்டி, "கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் நார்மல், அப்போ ரத்த அணுவும் நன்றாகத்தானே இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த டெஸ்ட் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் சுற்றிவரும் கொழுப்பை அளக்கிறது. இங்கே பேசுவது சிவப்பணுவின் சவ்வே கட்டப்பட்டிருக்கும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புகளையும் கொலஸ்ட்ராலையும் பற்றி. இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தாலும் ஒன்றின் எண்ணை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது.

சிவப்பணு ஏன் இவ்வளவு எளிதில் மாட்டிக்கொள்கிறது? உள்ளே இரும்பு, சுமப்பது ஆக்சிஜன், சவ்விலோ எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் பன்மடி நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள். உட்கரு இல்லாததால் புதிய புரதம் செய்து பழுதுபார்க்கவும் முடியாது. சுமார் 120 நாள் இருப்பதை வைத்தே ஓட்ட வேண்டும். அதற்காக அதை நிராயுதபாணி என்று நினைப்பதும் தவறு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் கேட்டலேஸ், குளுட்டாதயோன் என்று பலமான பாதுகாப்பு அதற்கு உண்டு. புகையும், நுரையீரல் அழற்சியில் திரளும் வெள்ளணுக்களும் அந்தப் பாதுகாப்பை மீறும்போதுதான் சேதம் கணக்கில் ஏறுகிறது.

ஆய்வகத்தில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் பிந்தைய குழப்பங்கள் பலவற்றுக்கும் விதை அங்கேதான். சிதைந்த கொழுப்பிலிருந்து வரும் மாலோன்டைஆல்டிஹைடை அளக்க, மாதிரியோடு தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்குவார்கள். இளஞ்சிவப்பு நிறம் வரும். 532 நானோமீட்டரில் அதன் அடர்த்தியை அளப்பார்கள். மலிவான, பழகிய முறை. ஆனால் அந்த அமிலம் சில சர்க்கரைகளோடும் பிலிருபினோடும்கூட வினைபுரியும். நிறம் கூடியது என்பதாலேயே கொழுப்பு சிதைந்தது என்று எழுதிவிடக் கூடாது. ரத்தத்தைச் சுழற்றியபின் சிவப்பணுவுக்கு மேலே படியும் மெல்லிய வெண்படலத்தைச் சரியாக நீக்காவிட்டால், வெள்ளணு, தட்டணுக்களின் கொழுப்பும் சேர்ந்து அளக்கப்படும். மாதிரியை மைனஸ் 20 டிகிரியில் வாரக்கணக்கில் போட்டு வைத்தால், அணுவுக்குள்ளிருக்கும் இரும்பே கொழுப்பைச் சிதைத்துவிடும். அப்புறம் நாம் அளப்பது நோயாளியின் உடலில் நடந்ததையா, ஃப்ரீசருக்குள் நடந்ததையா? மைனஸ் 80 கேட்பது இதனால்தான்.

சிவப்பணுச் சவ்வு ஆராய்ச்சியின் ஆரம்பமே தவறுகளோடுதான். 1925-ல் நெதர்லாந்தின் லைடனில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் சிவப்பணுவின் கொழுப்பைப் பிரித்து நீர்ப்பரப்பில் பரப்பி, அது அணுவின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு என்று கண்டார்கள். சவ்வு ஈரடுக்கு என்றார்கள். ஆனால் கொழுப்பு முழுசாகப் பிரிந்து வரவில்லை; அணுவின் பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் விடை சரியாக அமைந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

இன்னொன்று, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. புகைபிடிக்கும் நோயாளியைப் புகையே தொடாதவரோடு ஒப்பிட்டால் தெரிவது சிகரெட்டின் வேலையா, நோயின் வேலையா என்று பிரிக்க முடியாது. நோயில்லாத புகைபிடிப்பவர்களும் ஒரு குழுவாக வேண்டும். மீன் அதிகம் சாப்பிடுவது சவ்வின் கொழுப்பு அமிலங்களை மாற்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது பெரிய தவறு. "ஆக்சிஜனேற்றம்தானே பிரச்சினை, அதைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் போச்சு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது: பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் சுமார் 18% கூடியிருந்தது. பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ கொடுத்த அமெரிக்காவின் கேரட் (CARET) என்ற ஆய்விலும் புற்றுநோய் 28% கூடியதால், 1996-ல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். சளியை இளக்கவும் ஆன்டிஆக்ஸிடன்ட்டாகவும் கொடுக்கப்படும் என்-அசிட்டைல்சிஸ்டீன் மருந்தின் கதை அவ்வளவு மோசமில்லை. தினம் 600 மில்லிகிராம் கொடுத்த 2005-ம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வில் நுரையீரல் திறன் குறைவது நிற்கவில்லை; 1,200 கொடுத்த 2014-ம் ஆண்டு சீன ஆய்வில் நோய் திடீரென முற்றும் தடவைகள் குறைந்தன. டாக்டர் எழுதினால் எடுக்கலாம். யூடியூப் சொன்னதற்காகப் புகைபிடித்துக்கொண்டே வைட்டமின் வாங்குவது வீண் செலவு, சில நேரம் ஆபத்தும்கூட.

சிவப்பணுக் கொழுப்பை வைத்து சிஓபிடியைக் கண்டுபிடிப்பதும் இல்லை. அதற்கு மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரிதான்: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தபின், முதல் நொடியில் ஊதும் காற்று, மொத்தம் ஊதும் காற்றில் 0.7 பங்குக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆயுள் முழுக்க விறகடுப்பில் சமைத்த, சிகரெட்டே தொடாத அம்மாக்களுக்கும் இந்த டெஸ்ட் தேவைப்படலாம்.

வீட்டில் ஆக்சிஜன் எடுப்பவர்களிடம் இரண்டு விதத் தவறு. ஒரு பக்கம், ஆக்சிஜன்தான் அணுக்களைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்குகிறது என்று பயந்து கழற்றி வைப்பது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 15 மணி நேரமாவது கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்பது 1980-களின் தொடக்கத்திலேயே உறுதியானது. இன்னொரு பக்கம், மூச்சு வாங்கியதும் ஆக்சிஜன் மெஷினின் குமிழைத் தாங்களே முழுக்கத் திருப்புவது. சிஓபிடி திடீரென முற்றும்போது ரத்த ஆக்சிஜன் அளவுக்குப் பொதுவான இலக்கு 88 முதல் 92% வரைதான். அதற்கு மேல் ஏற்றினால் கார்பன் டைஆக்சைடு தேங்கி மயக்கம் வரலாம். விரலில் மாட்டி அளக்கும் ஆக்ஸிமீட்டரில் 98 வரவில்லையே என்று குமிழைத் தொடாமல், உங்களுக்கான அளவை டாக்டரிடம் கேட்டு மெஷின்மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.