அகழாய்வுக் குழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த விடுமுறையில், மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த கல்லூரி மாணவர் சிலர், அனுமதி பெற்ற ஓர் அகழாய்வுக்கு உதவியாளர்களாக வந்திருந்தனர். அவர்களுள் ஒரு தங்கை, மண் ஒட்டிய பானை ஓடுகளைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, அதன்மேல் மார்க்கர் பேனாவால் ‘சோழர் காலம்’ என்று எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் எழுதினேன். குழியின் விளிம்பை மிதிக்கக்கூடாது என்பது போன்றவற்றை எவரும் முதல் நாளிலேயே கற்றுக்கொள்வதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உறையின்மேல் முடிவை எழுதுதல்

அன்று எனக்குக் கிடைத்தவை இரும்பு உருக்கும் உலைக்குக் காற்றைச் செலுத்திய களிமண் ஊதுகுழாய்த் துண்டுகள். ஒரு முனையில் கசடு உருகிக் கறுப்புக் கண்ணாடி போல் படிந்திருந்தது. மகிழ்ச்சியில் ‘சோழர் கால உலை’ என்று எழுதினேனே தவிர, குழி எண்ணையும் மண்ணடுக்கு எண்ணையும் ஆழத்தையும் எழுதவில்லை. அந்த வாரமே மழையில் குழியின் சுவர் சரிந்தது. பின்னர் அதே குழியின் கரித்துண்டுகளுக்குக் காலக்கணிப்பு வந்தபோது, எந்தத் துண்டு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று எவராலும் கூற முடியாமல் 40 உறைகளை ஒதுக்கிவைத்தனர். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

மண்ணடுக்கின் மதிப்பை அறிய, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டைப் பாருங்கள். அங்கே 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர், காலம் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த இத்தாலிய மட்கல ஓடுகளைக் கொண்டு, அவற்றோடு அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறித்தார். அந்த ஓடுகள் அடுக்கு எண் இல்லாமல் வெறும் உறையில் வந்திருந்தால், உள்ளூர்ப் பானைகளின் காலத்தைப் பற்றி அவை எதையும் சொல்லியிருக்க மாட்டா.

கெடாவின் பழம்பெயரான கடாரத்தின்மேல் எனக்கும் பற்று உண்டு. ராஜேந்திர சோழனின் படை 1025இல் கடாரத்தை வென்றதை அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. ஆயினும் ஒரு படையெடுப்பின் ஆண்டு, இந்த மண்ணில் கிடைக்கும் ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஆண்டாகிவிடாது. 1930களில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் சுமார் 30 இடங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ், இந்தியக் குடியேற்ற அலைகள் என்ற சட்டகத்துக்குள் தம் கண்டுபிடிப்புகளை அடுக்கினார். அது அக்காலத்துத் தொல்லியலின் பொது வழக்கமாகவே இருந்தது: ஒத்த பொருள் கிடைத்தால், அதைச் செய்த மக்களே அங்கு வந்தனர் என்று கொண்டனர்.

1962இல் அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டின் கட்டுரையோடு வலுப்பெற்ற ‘புதிய தொல்லியல்’, கருதுகோளை முதலில் வெளிப்படையாகச் சொல்லி, அது மெய்யானால் மண்ணில் என்ன கிடைக்க வேண்டும், பொய்யானால் என்ன கிடைக்க வேண்டும் என்றும் கேட்கச் சொன்னது. அதே பள்ளத்தாக்கிலுள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியில் (பழங்கோயில் இடிபாட்டில்) இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தமிழகத்துச் சிற்பிகள் வந்து தம் ஊர்க் கோயிலை அப்படியே எழுப்பினர் என்றால், கல்லாலான மேற்கட்டும் அங்கே கிடைக்க வேண்டும். ஆனால் கிடைப்பவை கருங்கல் அடித்தளமும், மரத்தூண்களை நிறுத்தக் குழிவெட்டிய தூண்தாங்கிக் கற்களுமே. ஆகவே உள்ளூர்த் தச்சரின் பங்கையும் எண்ணியே தீர வேண்டும். உறையின்மேல் நாம் முன்பே முடிவை எழுதிவிட்டால், இக்கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் போகிறது.

கரியின் வயதைக் கட்டடத்தின் வயதாகக் கொள்ளுதல்

1949இல் வில்லார்ட் லிபி குழுவினர் வெளியிட்ட கார்பன்–14 காலக்கணிப்பு முறை, மரத்தின் அப்பகுதி வளர்ந்த காலத்தையே தருகிறது; அது எரிக்கப்பட்ட நாளைத் தருவதில்லை. முதிய மரத்தின் உட்பகுதி, உலையைவிட நூறு ஆண்டுகள் மூத்ததாக இருக்கலாம். நம் தோட்டங்களில் இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ரப்பர் மறுநடவின்போது எரித்த அடிமரங்களின் வேர்க்கரி, பழைய அடுக்குக்குள் ஆழமாக இறங்கியிருக்கும்.

கரியை வெறுங்கையால் எடுத்தல்

கரண்டியால் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

அழகான துண்டை மட்டும் சேர்த்தல்

கசடையும் எடைபோட்டுக் குறியுங்கள்.

பழைய ஆய்வாளரை முழுதாகத் தள்ளுதல்

வேல்ஸின் குடியேற்ற விளக்கத்தை ஏற்காதவர்களும், புக்கிட் பத்து பஹாட்டை இன்றுவரை அவர் இட்ட எண்ணாலேயே, 8ஆம் தளம் என்றே, குறிக்கின்றனர்.